ஒன்பது வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்டது நான், நன்றி சொன்னது தம்பிக்கு. இதற்கும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமா?

மூத்தவள் (கேள்வி)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பல மாதமாக மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. 'ஆமா', 'வேண்டாம்' என்று இரண்டு வார்த்தைதான் மிஞ்சியது. அதிலும் பல நேரம் ஆமாவுக்கு வேண்டாம் என்றும் வேண்டாமுக்கு ஆமா என்றும் மாறி வரும். இடது கையில் ஒரு சின்ன மணியைக் கொடுத்து வைத்திருந்தேன். ஏதாவது வேண்டுமென்றால் ஆட்டுவார்கள். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. அலாரம் வைத்து எழுந்து எழுந்து, அம்மா போய் ஐந்து மாதம் ஆன பிறகும் இரண்டு மணிக்குக் கண் தானாகத் திறந்துகொள்கிறது.

தம்பி வெகு தூரத்தில் இருந்தான். ஒன்பது வருடத்தில் இரண்டு தடவை வந்தான். கடைசியில், இனி அதிக நாள் இல்லை என்று மருத்துவர் சொன்னதும் வந்து மூன்று வாரம் கூடவே இருந்தான். ஒரு சாயங்காலம் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வந்துட்டியே, போதும்" என்றார்கள். முழு வாக்கியம். தெளிவாக. நான் அப்போது துவைத்த படுக்கை விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். ஒன்பது வருடத்தில் எனக்கு ஒரு முழு வாக்கியம் கிடைத்ததில்லை.

அடக்கம் முடிந்து நடந்த ஸ்தோத்திரக் கூட்டத்தில், "தாயின் கடைசி நாட்களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்த அன்பு மகனுக்காக" என்று சொல்லி ஜெபித்தார்கள். என்னைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. என்னை அந்த வீட்டின் ஒரு சுவர் மாதிரி பார்த்துப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். வீடு இருவருக்கும் சமபாகம் என்று அம்மா முன்பே எழுதி வைத்திருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்துச் சபையில் மத்தேயு 20. திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் உவமை: நாள் முழுவதும் உழைத்தவனுக்கும் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுத்த கதை. "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே" என்று வாசிக்கும்போதே எழுந்து வெளியே வந்துவிட்டேன். பிரசங்கம் கேட்கவில்லை.

எனக்கு வேண்டியவர் ஒருவர், ஒரு நோட்டு வாங்கி தினமும் மூன்று நன்றி எழுதச் சொன்னார். எழுதினேன். ஒரு இரவு நான் எழுதியிருந்ததைப் பார்த்து நானே பயந்துபோனேன். "ஆண்டவரே, அவனைப்போல நான் இராததற்கு நன்றி" என்று இருந்தது. லூக்கா 18-ல் அந்தப் பரிசேயன் செய்த ஜெபம் இதுதானே? அதோடு நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் தம்பி வருகிறான். இருவரும் ஒரே திருவிருந்தில் பங்கெடுக்க வேண்டும். நடந்தது நியாயமில்லை என்று நினைப்பதே பாவமா? மனதில் இல்லாத நன்றியை வாயால் சொன்னால் அது பொய் ஆகாதா? பூசி மெழுகாமல் சொல்லுங்கள்.

கிருபை போதும்

சகோதரி, உங்கள் பாரம் புரிகிறது. ஆனாலும் முறுமுறுப்புக்கு இடம் கொடுக்காதீர்கள். வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்களுக்கு என்ன ஆனது என்று எண்ணாகமம் 14-ல் இருக்கிறது. "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்பது 1 தெசலோனிக்கேயர் 5:18. மனம் வராவிட்டாலும் வாயால் தொடங்குங்கள், மனம் பின்னால் வரும்.

நான் இதைச் சும்மா சொல்லவில்லை. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போதே என் அம்மா போய்விட்டார்கள். அவர்கள் முகம்கூட எனக்குப் படத்தில் பார்த்ததுதான். ஒன்பது வருடம் தொட்டுப் புரட்டி, துடைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கிடைத்திருக்கிறது உங்களுக்கு. தம்பிக்குக் கிடைத்தது மூன்று வாரம். யார் அதிகம் பெற்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இரவுப்பணி

தங்கச்சி, நான் ஓய்வுபெற்ற நர்ஸ். பக்கவாதம் வந்தவர்கள் இருக்கும் வார்டில் பல வருடம் இரவு டியூட்டி பார்த்தவள். வேதத்தை விளக்க இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். அதுதான் உங்களைக் குத்திக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

மூளையின் இடது பக்கம் அடிபட்டால்தான் பெரும்பாலும் வலது கை காலோடு சேர்த்துப் பேச்சும் போகும். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு டம்ளரைக் காட்டி இது என்ன என்று கேட்டால் பெயர் வராது. ஆனால் உணர்ச்சி பொங்கும்போது எங்கிருந்தோ ஒரு முழு வாக்கியம் வந்து விழும். திரும்பச் சொல்லச் சொன்னால் வராது. யோசித்துத் தேர்ந்தெடுத்துப் பேசுகிற பேச்சு வேறு, இப்படித் தானாக வந்து விழுகிற பேச்சு வேறு. எதிர்பாராத முகம், நெடுநாள் ஏக்கம், திடுக்கிடல், இவை அதைத் தட்டி எழுப்பும். ஒன்பது வருடம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் வந்த கையைக் கண்டு யார் திடுக்கிடுவார்கள்? உங்கள் அம்மா உங்களையும் அவனையும் தராசில் வைத்து நிறுத்து, அவனுக்கு ஒரு வாக்கியம் கொடுத்தார்கள் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

இன்னொன்று கேட்கிறேன். அம்மா பாடினார்களா? பேச்சு போனவர்கள் பலருக்குப் பாட்டு வரும். ஒரு பெரியவர் தன் மனைவி பெயரைச் சொல்ல முடியாமல் அழுவார். ஆனால் அந்த அம்மாள் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால் பாட்டு முழுவதையும் வார்த்தை தப்பாமல் பாடுவார். நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

அப்புறம், சத்தமாகக் குறை சொன்னதற்காகப் பயப்படாதீர்கள். மார்த்தாள் என்ன செய்தாள்? நான் தனியாக வேலை செய்கிறேனே, உமக்குக் கவலையில்லையா என்று ஆண்டவர் முகத்துக்கு நேரே கேட்டாள். அவர் அவளைத் திருத்தினார், சரி. ஆனால் பெயரை இரண்டு தடவை சொல்லிக் கூப்பிட்டுத்தான் திருத்தினார். "இயேசு மார்த்தாளிடத்திலும் அவளுடைய சகோதரியினிடத்திலும் லாசருவினிடத்திலும் அன்பாயிருந்தார்" என்று யோவான் எழுதும்போது அவள் பெயரைத்தான் முதலில் எழுதுகிறார். சங்கீதம் 88-ஐ எடுத்துப் படியுங்கள். இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு அல்லேலூயா கூட இல்லை. அதுவும் நூற்றைம்பதில் ஒன்றுதான். எடுத்துப் போட்டுவிடவில்லை.

வகுப்பு வாத்தியார்

சகோதரி, நீங்கள் எழுந்து வெளியே வந்த அந்த அதிகாரத்தைத்தான் நான் பல வருடமாக வேத வகுப்பில் நடத்தி வருகிறேன். வருடத்துக்கு ஒருவராவது உங்களைப்போல் முகம் மாறிப்போவார்கள். பெரும்பாலும் அவர்கள்தான் வகுப்பில் அதிகம் உழைப்பவர்கள். அதனால் உங்கள் கேள்விக்குப் பொறுமையாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்த உவமை யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். நம் கையில் இருக்கும் அதிகாரப் பிரிவு மத்தேயு போட்டதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற இங்கிலாந்துப் பேராயர் பிரித்தார் என்று சொல்வார்கள். அந்தப் பிரிவை அழித்துவிட்டு 19-இன் கடைசியிலிருந்து படியுங்கள். "இதோ, நாங்கள் எல்லாவற்றையும் விட்டு, உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்" என்று பேதுரு கேட்கிறான். உங்கள் கேள்விதான். அதற்கு இயேசு, 'இப்படிக் கேட்கலாமா' என்று சொல்லவில்லை. பன்னிரண்டு சிங்காசனம், நூறத்தனை என்று முதலில் பதில் சொல்கிறார். உழைத்தவனுடைய உழைப்பு கணக்கில் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் உவமைக்கு வருகிறார். அந்தப் பகுதியை விட்டுவிட்டு உவமையை மட்டும் பிரசங்கித்தால், நாள் முழுவதும் உழைத்தவர்களைக் கடிந்துகொள்வதற்காகவே எழுதப்பட்டது போல் ஆகிவிடும்.

உவமைக்குள்ளேயும் நியாயம் முதலில் வருகிறது. எஜமான் ஒரு பணம் என்று பேசினான், ஒரு பணம் கொடுத்தான். அந்தப் பணம் தெனாரியு என்ற ரோம வெள்ளிக்காசு, ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. சாயங்காலமே கொடுத்துவிட்டான். பொழுது போகுமுன் கூலியைக் கொடு, அவன் ஏழை, அதை நம்பியிருக்கிறான் என்று உபாகமம் 24 சொல்வதை அப்படியே செய்தான். ஒருவனுக்கும் குறைக்கவில்லை. தயவு என்பது நியாயத்தைக் கொடுத்து முடித்த பிறகு அதற்கு மேல் வைத்தது. பதினோராம் மணி என்றால், சூரியன் உதித்ததிலிருந்து எண்ணி, நம் கணக்கில் சாயங்காலம் ஐந்து மணி. அவ்வளவு நேரம் ஏன் சும்மா நின்றார்கள் என்று கேட்டால், "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். நாள் முழுக்க நின்று, யாரும் கூப்பிடாமல் போனவர்கள்.

இப்போது அந்த 'முறுமுறுப்பு' என்ற வார்த்தைக்கு வருகிறேன். மேலே சகோதரர் எண்ணாகமத்தைக் காட்டினார். நான் அப்போஸ்தலர் 6-ஐக் காட்டுகிறேன். எருசலேம் சபையில், தினப்பந்தியில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கர், அதாவது கிரேக்கம் பேசிய யூத விசுவாசிகள், முறுமுறுத்தார்கள். மத்தேயு 20-ல் வேலையாட்கள் முறுமுறுத்தார்கள் என்ற இடத்தில் வரும் வினைச்சொல்லும் இங்கே வரும் பெயர்ச்சொல்லும் கிரேக்க மூலத்தில் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆனால் பதில் எவ்வளவு வேறு! "ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு சும்மா இருங்கள்" என்று அப்போஸ்தலர் பன்னிருவரும் சொல்லவில்லை. சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பெயரையும் வாசித்துப் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர், தீமோன்... ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்கள் பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்துப் பொறுப்பைக் கொடுத்ததாகத்தான் தெரிகிறது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எருசலேமில் 'எங்களுக்கு வரவேண்டியது வரவில்லை' என்றார்கள். தோட்டத்தில் 'எங்களுக்கு வந்தது சரிதான், ஆனால் அவனுக்கும் அவ்வளவு ஏன் வந்தது' என்றார்கள். "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்று எஜமான் கேட்பது இந்த இரண்டாவதை மட்டும்தான். உங்கள் மனதில் இரண்டும் கலந்து கிடக்கின்றன என்று நினைக்கிறேன், சகோதரி. அம்மா அவனுக்குச் சொன்ன வாக்கியம், சமபாகம், இவை தோட்டத்து விஷயம். ஒன்பது வருடம் ஒரு ஆள்கூட ராத்திரிப் பொறுப்பைப் பங்குபோட வரவில்லை, கூட்டத்தில் உங்கள் பெயர் சொல்லப்படவில்லை, இது எருசலேம் விஷயம். இதைச் சொல்வது பாவமில்லை. சொல்லாமல் விட்டால் நாளைக்கு இன்னொரு வீட்டில் இன்னொரு மகளை இதே மாதிரிச் சுவராக்குவார்கள். குஷ்டரோகம் நீங்கிச் சுத்தமான பத்துப்பேரில் ஒன்பதுபேர் எங்கே என்று ஆண்டவரே வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். நன்றி வரவில்லை என்பதைக் கவனித்தார். அந்த ஒன்பதுபேரின் சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

'எல்லாவற்றிலேயும்' என்ற வசனத்தைப் பற்றி. அது எல்லா நிலைமையிலும் என்பதுதான், நடந்த எல்லாவற்றுக்காகவும் என்பது இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். 'எல்லாவற்றிற்காகவும்' என்று எபேசியர் 5:20-லும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் இரண்டையும் எழுதிய பவுல் எப்படி வாழ்ந்தார் என்று அப்போஸ்தலர் 16-ல் பார்க்கலாம். பிலிப்பியில் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். நடுராத்திரியில் பவுலும் சீலாவும் ஜெபம்பண்ணி, தேவனைத் துதித்துப் பாடினார்கள். விடிந்ததும், போகலாம் என்று ஆள் அனுப்பினார்கள். ரோமராகிய எங்களை நியாயம் விசாரிக்காமல் வெளியரங்கமாக அடித்துவிட்டு இப்போது இரகசியமாக அனுப்புவதா, அவர்களே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்றார் பவுல். அவர்கள் வரவும் வந்தார்கள். ராத்திரி பாடிய அதே வாய்தான் காலையில் நியாயம் கேட்டது. பாடினதால் கேட்கக் கூடாது என்றோ, கேட்டதால் பாடினது பொய் என்றோ லூக்கா எழுதவில்லை.

திருவிருந்தைப் பற்றி ஒன்று மட்டும். மத்தேயு 5:23-ஐ எடுத்துக்கொண்டு உங்களையே வாட்டிக்கொள்ளாதீர்கள். அது சகோதரனுக்கு நம்மேல் குறை இருந்தால் என்ன செய்வது என்பது. உங்களுக்கு அவன்மேல் குறை. அதற்கு 18:15 இருக்கிறது: அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில் சொல். சபைக்கு முன்னால் வேண்டாம், போனில் வேண்டாம். அவன் வந்ததும், திருவிருந்துக்கு முந்தின நாளாவது பேசிவிடுங்கள்.

கடைசி மணி

அக்கா, உங்கள் தம்பி இடத்தில் நின்றவன் நான். அப்பா படுக்கையில் கிடந்த ஆறு வருடமும் அண்ணன் பார்த்துக்கொண்டார். நான் கடைசி பத்து நாளுக்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்கும் ஒரு கூட்டத்தில் நன்றி சொன்னார்கள். எழுந்து, "எனக்கில்லை, அண்ணனுக்குச் சொல்லுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். வார்த்தை தொண்டை வரை வந்தது, சொல்லவில்லை. துக்க வீட்டில் பேச்சை மாற்றக் கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்த நன்றி எனக்கு வேண்டியிருந்தது. வராமல் இருந்த ஆறு வருடத்தை அது மூடிவிடும் போல இருந்தது.

அந்தப் பத்து நாளும் எதை எங்கே வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அப்பாவைத் தூக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். அண்ணன் பேசாமல் என் கையை எடுத்து, தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். "இங்க பிடி, அங்க வலிக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆறு வருடம் அங்கே இல்லாதது என்ன என்று அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது.

யாரும் கூப்பிடாமல் நின்றவர்களைப் பற்றி வாத்தியார் ஐயா எழுதியது சரிதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் ஐயா, நான் அவர்களைப்போல் இல்லை. எனக்கு வேலையிட ஆள் இருந்தது. அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டார், நான் வரவில்லை. அதனால் அந்த வசனத்தை எனக்குச் சாக்காக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அண்ணன் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் அவரைப் பெரிய மனசுக்காரர் என்கிறார்கள். ஆனால் அவர் கேட்காததால் நானும் சொல்லவில்லை, நான்கு வருடம் ஓடிவிட்டது. நாங்கள் பார்த்துக்கொள்ளும்போது வேறு எல்லாவற்றையும் பேசுகிறோம். உங்கள் தம்பியிடம் நீங்கள் பேசுங்கள் அக்கா. கோபமாக இருந்தாலும் பரவாயில்லை. அவனும் சொல்ல முடியாமல் இருக்கலாம். நான் இதை எழுதி முடித்ததும் அண்ணனுக்கு போன் போடப் போகிறேன்.

கிருபை போதும்

சகோதரி, மேலே நான் எழுதியதை மறுபடி படித்தேன். என் இழப்பைக் கொண்டுவந்து உங்கள் இழப்பின்மேல் வைத்துவிட்டேன். மன்னியுங்கள். அந்த வசனத்தை நான் இன்னும் நம்புகிறேன். அதைச் சொல்ல வேண்டிய நேரம் அது இல்லை.

மூத்தவள்

எல்லோருக்கும் பதில் எழுத மூன்று நாள் ஆகிவிட்டது. கிருபை போதும் சகோதரரே, மன்னிப்பு எதற்கு? படத்தில் மட்டும் அம்மாவைப் பார்த்த ஒருவர் எனக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள்.

இரவுப்பணி அக்கா கேட்ட கேள்வியிலேயே நின்றுவிட்டேன். பாடினார்கள் அக்கா. பாடினார்கள். அதை எப்படி எழுதாமல் விட்டேன் என்று தெரியவில்லை. இரவு பத்து மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்ததும், சின்ன வயதில் அவர்கள் எங்களுக்குப் பாடின பாட்டை நான் தொடங்குவேன். கடைசி அடிக்கு வரும்போது நிறுத்திக்கொள்வேன். அம்மா முடித்து வைப்பார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கும், ராகம் கொஞ்சம் கீழே இறங்கிப் போகும், ஆனால் வார்த்தை எல்லாம் சரியாக வரும். முடித்ததும் மணியை ஒருதரம் ஆட்டுவார்கள். போய்ப் படு என்று அதற்கு அர்த்தம். ஏறக்குறைய எல்லா இரவும் நடந்தது இது. எனக்கு ஒரு முழு வாக்கியம் கிடைத்ததில்லை என்று எழுதியிருந்தேன். அந்த அடி ஒரு முழு வாக்கியம்தான். அம்மா சொந்தமாகத் தொடுத்த வாக்கியம் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அதை ஒரு இரவுகூட வேறு யாரோடும் சேர்ந்து அவர்கள் பாடியதில்லை.

வாத்தியார் ஐயா, நீங்கள் இரண்டாகப் பிரித்துச் சொன்னதை வைத்து ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். தோட்டம் ஒரு பக்கம், எருசலேம் ஒரு பக்கம். எழுதும்போது, கேள்வியில் நான் விட்டுவிட்ட ஒன்றும் வந்து விழுந்தது. தம்பி மாதம் தவறாமல் மருந்துச் செலவுக்குப் பணம் அனுப்பினான். ஒரு மாதம்கூட நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதை எழுதினால் என் பக்கம் பலம் குறையும் என்று விட்டிருக்கிறேன். இப்போது எழுதிவிட்டேன். எழுதின பிறகும் எருசலேம் பக்கத்தில் ஏழு வரி நிற்கிறது. அவற்றை அவனிடம் சொல்லப் போகிறேன். தோட்டத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்றையும் அவனிடம் கொண்டுபோக வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அதை ஆண்டவரோடு பேசித் தீர்க்க வேண்டும். நாளாகும் என்று தோன்றுகிறது.

கடைசி மணி தம்பி, அண்ணன் போனை எடுத்தாரா? எடுத்தால் இங்கே ஒரு வார்த்தை எழுதுங்கள்.

நோட்டை மறுபடி திறந்தேன். அந்தப் பரிசேயன் ஜெபம் இருந்த பக்கத்தைக் கிழிக்கவில்லை. அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன்: "பத்து மணிப் பாட்டு." மூன்று நன்றி வரவில்லை, அன்றைக்கு ஒன்றுதான் வந்தது.

மணி ஜன்னலோரத்தில் இருக்கிறது. அம்மா ஞாபகமாக ஏதாவது வேண்டும் என்று தம்பி கேட்டிருந்தான், அதைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நேரம் நினைத்தேன். அம்மாவின் வேதப்புத்தகத்தைக் கொடுக்கப் போகிறேன். மணி என்னிடமே இருக்கட்டும்.